தவளைத் தோலில் ஒரு காவலாளி: கைட்ரிட் பூஞ்சையை எதிர்க்கும் பாக்டீரியாவைத் தேடுவதற்கான முழு வழிகாட்டி

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சிலும் ஒரு பங்கு தோல் வழியாகத்தான் நடக்கிறது. உடம்புக்குள் இருக்கும் உப்பு குறையாமலும் கூடாமலும் பார்த்துக்கொள்வதிலும் தோலுக்குப் பெரிய பங்கு உண்டு. நமக்குத் தோலில் படை வந்தால் அரிப்போடு போய்விடும். தவளைக்கு அப்படி இல்லை, தோல் கெட்டால் உயிரே போய்விடும்.

கைட்ரிட் என்ற பூஞ்சை அந்தத் தோலைத்தான் பிடிக்கிறது. இதனால் உலகம் முழுக்கக் குறைந்தது 501 இருவாழ்வி இனங்கள் எண்ணிக்கையில் சரிந்துவிட்டன, அவற்றில் 90 இனங்கள் அற்றுப்போனதாகவே கருத வேண்டும் என்று 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. ஆனால் அதே தோலில் வேறு குடித்தனக்காரர்களும் இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வகைப் பாக்டீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. அவற்றில் சில, இந்தப் பூஞ்சையை வளரவிடாத பொருட்களைச் சுரக்கின்றன. அப்படிப்பட்டவற்றைக் கண்டுபிடிப்பது, சோதிப்பது, தவளைக்குத் திருப்பிக் கொடுப்பது ஆகிய வேலைகளைப் படிப்படியாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரை. விலங்கியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஆய்வகம் பக்கம் போகாதவர்களும் தொடர்ந்து வரலாம்.

உதாரணங்களைப் பெரும்பாலும் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலிருந்தும் பனாமாவிலிருந்தும் எடுத்திருக்கிறேன். எல்லாப் படிகளையும் கடைசி வரை நடந்து பார்த்த இடங்கள் அவை. ஜெயித்ததும் அங்கே பதிவாகியிருக்கிறது, தோற்றதும் பதிவாகியிருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாவைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை. அதைத் தோலில் தங்கவைப்பதுதான் கடினம். இந்தத் துறையின் இருபது வருட அனுபவத்தில் நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். அதனால் ஒவ்வொரு படியிலும் ‘இது தங்குமா?’ என்ற கேள்வியைக் கேட்டுக்கொண்டே போங்கள்.

படி 1: பூஞ்சையின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ளுங்கள்

இதன் முழுப்பெயர் பாட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ். வாஷிங்டன் தேசிய விலங்குக்காட்சிச் சாலையில் இறந்த ஒரு நீல நச்சுத்தவளையிலிருந்து பிரித்தெடுத்து 1999-இல் பெயர் வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடமே ஆஸ்திரேலியாவிலும் மத்திய அமெரிக்காவிலும் தவளைகள் கூட்டமாகச் செத்ததற்கு இந்த நோய்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். கைட்ரிட் என்ற சொல்லின் கிரேக்க வேருக்குச் சிறு பானை என்று பொருள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். தோல் செல்லுக்குள் ஒரு குட்டிப் பானை உட்கார்ந்திருக்கும், அதற்கு ஒரு கழுத்து இருக்கும். அந்தக் கழுத்து வழியாக வால் முளைத்த வித்துகள் நீந்தி வெளியே வரும்.

நீந்தும் வித்து வெகுதூரம் போகாது, சில சென்டிமீட்டர்தான். அதனால் பெரும்பாலும் அதே தவளையின் தோலில் இன்னொரு இடத்திலோ, பக்கத்தில் இருக்கும் தவளையிலோ போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் வாலை உதிர்த்துவிட்டுத் தோலுக்குள் வேர்விடும். நான்கைந்து நாளில் அடுத்த பானை தயாராகிவிடும். இப்படித்தான் ஒரே தவளையின் மேல் பூஞ்சையின் சுமை ஏறிக்கொண்டே போகிறது. சியரா நெவாடாவில் ஒரு தவளையின் தோல் மாதிரியில் ஏறத்தாழ 10,000 வித்துகளுக்குச் சமமான சுமை தெரிந்த பிறகு அந்தக் கூட்டமே மடிய ஆரம்பித்ததைக் கண்டார்கள். தொற்று வந்ததா இல்லையா என்பதோடு, எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும் என்று இதிலிருந்து தெரிகிறது.

சாவு எப்படி வருகிறது? பூஞ்சை புகுந்த தோல் தடித்துப்போகிறது, சோடியத்தை உள்ளே இழுக்கும் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் இறங்குகின்றன. கடைசியில் இதயம் நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையை வைத்து 2009-இல் இதைத் தெளிவாக நிரூபித்தார்கள். நோயுற்ற தவளை பகல் வெளிச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பின்னங்காலை மடக்காமல் நீட்டி வைத்திருக்கும். அளவுக்கு மீறித் தோல் உரிக்கும். மல்லாக்கப் போட்டால் சட்டென்று திரும்பாது.

இந்தப் பூஞ்சைக்குக் கெரட்டின் (நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் கடினப் புரதம்) உள்ள திசு வேண்டும். தலைப்பிரட்டைக்கு வாயைச் சுற்றி மட்டும்தான் கெரட்டின் இருக்கிறது. அதனால் வாயில் தொற்றைச் சுமந்துகொண்டே அது உயிரோடு திரியும். கால் முளைத்துத் தவளையாகி உடம்பு முழுக்கத் தோல் மாறும்போதுதான் சாவு வரும். சியரா நெவாடாவின் மஞ்சள்கால் தவளை பனிமூடிய ஏரிக்கு அடியில் ஒன்றுக்கு மேற்பட்ட குளிர்காலங்களைத் தலைப்பிரட்டையாகவே கழிக்கிறது. அந்த ஏரிகளில் பெரிய தவளைகள் எல்லாம் செத்தாலும் பூஞ்சை மட்டும் ஏன் போவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

வெப்பநிலையும் முக்கியம். 17 முதல் 25 டிகிரி செல்சியஸ் வரை இதற்கு நல்ல சுகம். 28-ஐத் தாண்டினால் வளர்ச்சி நிற்கும். 30 டிகிரியில் சில நாட்கள் வைத்தால் சாகத் தொடங்கும். குளிர்ந்த மலைகளில் இது கொடுமையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதற்குத் தம்பி ஒன்றும் உண்டு. நெதர்லாந்தில் நெருப்புச் சாலமாண்டர்கள் (வாலுள்ள இருவாழ்விகள்) ஏறக்குறைய முற்றிலும் காணாமல்போன பிறகு, 2013-இல் அதைக் கண்டுபிடித்து, சாலமாண்டர் தின்னி என்ற பொருளில் சாலமாண்ட்ரிவோரன்ஸ் என்று பெயரிட்டார்கள். அது வரக்கூடாது என்றுதான் அமெரிக்கா 2016-இல் 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. இந்தக் கட்டுரையில் மூத்ததைப் பற்றி மட்டும் பேசுவோம்.

படி 2: தோலை ஒரு ஊராகப் பாருங்கள்

தவளைத் தோலில் வழுவழுப்பாக ஒரு திரவம் இருக்கும். அதில் தவளையே சுரக்கும் நுண்ணுயிர்க்கொல்லிப் புரதத்துண்டுகள் கலந்திருக்கும். 1987-இல் ஆப்பிரிக்க நகத்தவளையில் கண்டுபிடித்த மகெய்னின் அவற்றில் பேர்பெற்றது. இந்தச் சுரப்பைத் தாங்கி வாழத்தெரிந்த பாக்டீரியாதான் அங்கே நிலைக்க முடியும். போதாததற்குத் தவளை அடிக்கடி தோலை உரித்துப் போடுகிறது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் மேலே குடியிருந்த பாக்டீரியாக்களில் பெரும்பகுதி அதோடு போய்விடும். மிச்சம் இருப்பவை மறுபடி பெருக வேண்டும், அல்லது மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் புதிதாக வந்து சேர வேண்டும்.

சுற்றுப்புற மண்ணை இங்கே மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் செம்முதுகுச் சாலமாண்டரைப் பிடித்துவந்து வெறும் சுத்தமான பெட்டியில் வைத்தபோது அதன் தோல் பாக்டீரியாக் கூட்டம் மாறிப்போனது. அது வாழ்ந்த இடத்து மண்ணோடு வைத்தபோது பன்மை காக்கப்பட்டது. அதே இனத்தில் செய்த இன்னொரு சோதனையில், பாதுகாப்புப் பாக்டீரியாவை மண்ணில் கலந்துவிட்டாலே அது விலங்கின் தோலுக்கு ஏறி, பூஞ்சைத் தொற்றைக் குறைத்தது. நுண்ணுயிர் வேலையில் இறங்குகிறவர்கள் விலங்கை மட்டும் பார்த்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த ஈரமண்ணைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இந்தக் கதையின் நாயகன் ஜான்தினோபாக்டீரியம் லிவிடம். மண்ணிலும் நீரிலும் சாதாரணமாகக் கிடைக்கும், பல இருவாழ்விகளின் தோலிலும் இருக்கும். தட்டில் வளர்த்தால் கத்தரிப்பூ நிறத்தில் அழகாக இருக்கும். அந்த நிறத்தைக் கொடுக்கும் வயலசின் என்ற பொருள்தான் கைட்ரிட்டை அடக்குகிறது. வர்ஜீனியாவில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தின் ரீட் ஹாரிஸும் அவருடைய குழுவினரும் இதன் மேல் பல வருடம் உழைத்தார்கள். சாலமாண்டர் தோலில் இருக்கும் லைசோபாக்டர் போன்ற வேறு பாக்டீரியாக்கள் வேறு பொருட்களைச் சுரந்து இதே வேலையைச் செய்வதையும் அந்தக் குழுவினர் கண்டார்கள்.

படி 3: அனுமதி வாங்குங்கள், செருப்பைக் கழுவுங்கள்

இந்தியாவில் காட்டுக்குள் ஒரு தவளையைத் தொடுவதற்கு முன் வனத்துறை அனுமதி வேண்டும். விலங்கை வைத்துச் சோதனை செய்வதானால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும். பிரித்தெடுத்த பாக்டீரியாவை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப எண்ணினால், சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் படியுங்கள். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். ஆகவே முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள்.

அடுத்து, நோயைச் சுமந்து போகிறவராக நீங்களே ஆகிவிடக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம். ஓடை மாறும்போது காலணி, வலை, வாளி எல்லாவற்றிலும் ஒட்டிய சேற்றை முதலில் தேய்த்துக் கழுவுங்கள். சேறு இருக்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்யாது. பிறகு விர்கான் என்ற கிருமிநாசினிக் கரைசலோ 70 சதவீத ஆல்கஹாலோ போட்டு நனையுங்கள். அப்புறம் நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்துபோவது இந்தப் பூஞ்சைக்குப் பெரிய எதிரி. 60 டிகிரி வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்தாலும் போதும். கிருமிநாசினியை ஓடைக்கரையில் கொட்டாதீர்கள், தலைப்பிரட்டைகள் செத்துவிடும். ஒரே நாளில் பல இடம் போவதானால் ஓடையின் மேற்பகுதியில் ஆரம்பித்துக் கீழே இறங்குங்கள்.

படி 4: மாதிரி எடுங்கள்

ஆய்வு உருப்படுவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்தப் படியில்தான். நிதானமாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை. பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறை நல்லது. போட்டதும் சுத்தமான நீரில் அலசிவிடுங்கள், கையுறையில் இருக்கும் ரசாயனம் தலைப்பிரட்டைக்கு ஆகாது. பிடித்த தவளையைத் தனித்தனிப் புதுப் பையில் வையுங்கள். ஒரே வாளியில் பத்துத் தவளையைப் போட்டால் பத்தின் பாக்டீரியாவும் பூஞ்சையும் கலந்துவிடும், ஆரோக்கியமாக இருந்தவற்றுக்கும் நோயைக் கொடுத்ததாக ஆகிவிடும்.

முதலில் கிருமி நீக்கிய நீரால் தவளையை இரண்டு முறை அலசுங்கள். தற்செயலாக ஒட்டிய மண்ணும் ஓடை நீரும் போகட்டும். அலசலுக்குப் பிறகும் ஒட்டியிருப்பவைதான் குடியிருப்பவை. பிறகு மெல்லிய நுனியுள்ள, கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியால் வயிற்றின் அடிப்பக்கம், விலாப்புறம், தொடையின் உட்புறம், பின்னங்கால் விரல்களின் சவ்வு ஆகிய இடங்களில் தேயுங்கள். பூஞ்சை அதிகம் தங்கும் இடங்கள் இவை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து முறை என்பது பலர் கடைப்பிடிக்கும் எண்ணிக்கை. குச்சியைச் சுழற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். எண்ணிக்கை எதுவானாலும் முதல் தவளைக்குச் செய்ததையே கடைசித் தவளைக்கும் செய்யுங்கள். மாலையில் கை சோர்ந்து மூன்று முறையோடு விட்டால், மாலைத் தவளைகளுக்கு நோய் குறைவு என்று தவறான முடிவு வரும்.

டிஎன்ஏ எடுக்க ஒரு குச்சி, பாக்டீரியாவை வளர்க்க இன்னொரு குச்சி. டிஎன்ஏ குச்சியை உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடிய சீக்கிரம் உறைகுளிரூட்டிக்கு மாற்றுங்கள். வளர்ப்புக்கான குச்சி உறையக்கூடாது.

காற்றில் மட்டும் காட்டிய வெற்றுக்குச்சி, அலசப் பயன்படுத்திய நீரில் நனைத்த குச்சி ஆகியவற்றையும் ஒவ்வொரு நாளும் எடுத்து வையுங்கள். நான் முதல் பருவத்தில் இதைத் தவிர்த்துவிட்டேன். மாதிரிகளில் ஒரு பாக்டீரியா எங்கும் தெரிந்தபோது, அது தவளையில் இருந்ததா, நாங்கள் கொண்டுபோன நீரில் இருந்ததா என்று சொல்ல வழியில்லாமல் அந்தப் பருவத்தின் தரவு முழுவதையும் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மண், ஓடை நீர் மாதிரிகளையும் எடுங்கள். தவளையின் எடை, நீளம், நீரின் வெப்பநிலை, நேரம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். தவளையைப் பிடித்த அதே இடத்தில் விடுங்கள்.

படி 5: யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

டிஎன்ஏ குச்சி இரண்டு வேலைக்கு உதவும். ஒன்று, டிஎன்ஏவைப் பெருக்கி அளக்கும் அளவறி பிசிஆர் மூலம் கைட்ரிட் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. இன்னொன்று, பாக்டீரியாக்களை அடையாளம் காட்டும் 16எஸ் மரபணுவை வரிசைப்படுத்தி எந்தெந்தப் பாக்டீரியா எந்த விகிதத்தில் இருக்கிறது என்று பட்டியலிடுவது.

பட்டியலைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. நோயுற்ற தவளையின் பாக்டீரியாக் கூட்டம் ஆரோக்கியமான தவளையிலிருந்து மாறுபட்டிருந்தால், அந்தக் கூட்டத்தால்தான் நோய் வந்தது என்று சொல்லிவிட முடியாது. பூஞ்சையே பாக்டீரியாக் கூட்டத்தைக் கலைத்துவிடும் என்பதைச் சியரா நெவாடாத் தவளைகளில் களத்திலும் ஆய்வகத்திலும் காட்டியிருக்கிறார்கள். ஆக, நோய் வருவதற்கு முன் எடுத்த மாதிரிக்கு விலை அதிகம். இன்னும் பூஞ்சை வராத இடம் ஏதாவது தெரிந்தால் இன்றைக்கே போய் மாதிரி எடுத்துவையுங்கள் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

படி 6: பாக்டீரியாவை வளர்த்துப் பிரியுங்கள்

ஆர்2ஏ என்ற சத்துக்குறைவான அகார் தட்டு இதற்கு ஏற்றது. சத்து அதிகமான தட்டில் வேகமாக வளர்கிறவை மட்டும் மேலேறி மற்றவற்றை மூடிவிடும். அறை வெப்பநிலையில் ஒரு வாரமாவது பொறுத்திருங்கள். நிறம், ஓரம், பளபளப்பு பார்த்து வேறுவேறாகத் தெரியும் ஒவ்வொரு திட்டையும் தனித்தட்டுக்கு மாற்றித் தூய்மையாக்குங்கள். மண் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை தட்டில் வளராது என்று படித்திருப்பீர்கள். தவளைத் தோலில் நிலைமை அவ்வளவு மோசமில்லை, அங்கே அதிகமாக இருக்கும் பல பாக்டீரியாக்கள் தட்டிலும் வளர்கின்றன. தூய்மையானவற்றைக் கிளிசராலில் கலந்து உறைய வைத்துவிடுங்கள்.

படி 7: பூஞ்சையோடு மோதவிடுங்கள்

பூஞ்சையைத் தட்டில் வளர்த்து, அதன் மேல் திரவம் ஊற்றி அரை மணி நேரம் வைத்தால் நீந்தும் வித்துகள் வெளியே வரும். அதை வடிகட்டி எண்ணிக்கொள்ளுங்கள். பாக்டீரியாவைத் தனியாகத் திரவத்தில் வளர்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் செலுத்தி, பாக்டீரியா இல்லாத தெளிவான நீரை எடுங்கள். பாக்டீரியா சுரந்ததெல்லாம் அதில்தான் இருக்கும். 96 குழித் தட்டில் வித்துகளையும் இந்த நீரையும் சம அளவில் விட்டு, பத்து நாள் வரை சில நாட்களுக்கு ஒருமுறை ஒளி உறிஞ்சலை அளந்து வாருங்கள். பூஞ்சை வளர்ந்தால் எண் ஏறும், அடங்கினால் ஏறாது.

ஒப்பீட்டுக் குழிகள் மூன்று வகை வேண்டும். வெறும் வித்தும் வளர்ப்பூடகமும் மட்டும் உள்ளது ஒன்று. சூட்டில் கொன்ற வித்து உள்ளது இன்னொன்று. மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள்: பாக்டீரியா நீருக்குப் பதில் வெறும் நீர் விட்ட குழி. பாக்டீரியா ஏற்கெனவே சத்தைத் தின்றுவிட்டதால் பூஞ்சை பட்டினியில் வளராமல் இருக்கலாம். அதை எதிர்ப்புச் சக்தி என்று எண்ணி ஏமாறாமல் இருக்க இந்தக் குழி உதவும்.

முடிவுகள் மூன்று விதமாக வரும். சில பாக்டீரியாக்கள் பூஞ்சையை அடக்கும். பல ஒன்றும் செய்யாது. சில பூஞ்சையை வளர்த்தே விடும். அந்த மூன்றாம் வகை இருப்பதால்தான், நல்லது என்று கேள்விப்பட்ட எதையும் சோதிக்காமல் தவளை மேல் ஊற்றக்கூடாது.

அடக்கியவற்றை மறுபடி சோதியுங்கள். உங்கள் தவளை வாழும் ஓடையின் வெப்பநிலையில் வையுங்கள், ஏனென்றால் வெப்பநிலை மாறினால் பாக்டீரியா சுரப்பதும் மாறும். பூஞ்சையின் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளோடு மோதவிடுங்கள், ஒரு வகையை அடக்கும் பாக்டீரியா இன்னொன்றிடம் தோற்பது சகஜம்.

படி 8: வடிகட்டுங்கள், பிறகு விலங்கில் பாருங்கள்

ஐம்பது பாக்டீரியா கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதைத் தேர்ந்தெடுப்பது? அடக்கும் வலிமையை மட்டும் வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். அந்த இனத்தின் பல தவளைகளில், பல இடங்களில், பல பருவங்களில் தென்படுகிறதா என்று படி 5-இல் எடுத்த பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். அந்தத் தவளையின் தோல் சுரப்பைத் தாங்குகிறதா என்று பாருங்கள். மனிதருக்கோ மீனுக்கோ நோய் தரும் இனமென்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள். வேறு நாட்டிலிருந்து வாங்கிவந்த பாக்டீரியா வேண்டவே வேண்டாம். நடுத்தர வலிமை உள்ள உள்ளூர்க்காரர், வலிமையான வெளியூர்க்காரரைவிட மேல் என்பது என் கருத்து.

இப்போது மஞ்சள்கால் தவளைக் கதைக்கு வருவோம். ஹாரிஸ் குழுவினர் ஆய்வகத்தில் அந்தத் தவளைகளை ஜான்தினோபாக்டீரியம் கலந்த நீரில் குளிப்பாட்டினார்கள். பிறகு பூஞ்சையைக் கொடுத்தார்கள். பாக்டீரியா பெற்ற தவளைகள் பிழைத்தன, தோலில் வயலசினும் நிறைய இருந்தது. பாக்டீரியா பெறாதவை நோயுற்று மடிந்தன. 2009-இல் இது வெளிவந்தபோது எங்கும் நம்பிக்கை பொங்கியது.

அடுத்து பனாமா. அங்கே பூஞ்சை மேற்கிலிருந்து கிழக்கே அலைபோல நகர்ந்து வந்தது. 2004-இல் எல் கோப்பே என்ற இடத்தை அடைந்து, சில மாதங்களில் அங்கிருந்த தவளைக் கூட்டங்களைக் காலியாக்கியது. பனாமாவின் பொன்தவளை அந்த நாட்டின் செல்லப்பிள்ளை, லாட்டரிச் சீட்டில்கூட அதன் படம் வரும். காட்டில் அது இல்லாமல்போனதாகவே கருதப்படுகிறது. காப்பகங்களில் வளரும் பொன்தவளைகளுக்கு இதே ஜான்தினோபாக்டீரியத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் தோலில் நன்றாக ஏறியது. சில வாரங்களில் குறைந்தது. குறைந்தபின் பூஞ்சை ஜெயித்தது. பிறகு பூஞ்சையைத் தாங்கி வாழும் வேறு பனாமா இருவாழ்விகளின் தோலிலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைக் கொடுத்தார்கள். அவையும் தங்கவில்லை. ஆனால் 2015-இல் வெளியான அந்த ஆய்வில் ஒரு வெளிச்சம் தெரிந்தது: சில தவளைகள் தாமாகவே தொற்றிலிருந்து மீண்டன. அவற்றின் தோலில் சோதனை தொடங்கும் முன்பே வேறுவிதமான பாக்டீரியாக் கூட்டம் இருந்திருக்கிறது. மற்றவற்றுக்கு மருந்தைத் தேட வேண்டிய இடம் அந்தப் பிழைத்த தவளைகளின் தோல்தான்.

விலங்குச் சோதனையில் ஆகவே இரண்டைத் தவறாமல் அளவிடுங்கள். தவளை பிழைத்ததா என்பது ஒன்று. பாக்டீரியா எத்தனை நாள் இருந்தது, எத்தனை தோலுரிப்பைத் தாண்டியது என்பது மற்றொன்று. பூஞ்சை கொடுக்காமல் பாக்டீரியா மட்டும் கொடுத்த ஒரு குழுவும் வேண்டும், பாக்டீரியாவால் தவளைக்குத் தீங்கு வருகிறதா என்று தெரிய. வயதையும் கவனியுங்கள். கொலராடோவின் போரியல் தேரைகளில், உருமாறும் பருவத்தில் பாக்டீரியா கொடுத்தபோது பிழைப்பு கூடியது. தோல் புதிதாக உருவாகிற, ஊர் இன்னும் குடியேறி முடியாத நேரம் அது.

படி 9: களத்துக்குக் கொண்டுபோங்கள்

சியரா நெவாடாவில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே கிங்ஸ் கேன்யன் தேசியப் பூங்காவில், நோய் பரவிக்கொண்டிருந்த ஏரிகளில் இதைச் செய்தார்கள். இட்ராகொனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தில் இளந்தவளைகளைக் குளிப்பாட்டிச் சுமையைக் குறைத்தார்கள். பிறகு ஒரு பகுதியை ஜான்தினோபாக்டீரியக் கரைசலில் விட்டார்கள். தோலில் பாக்டீரியா கூடியது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது, தொற்றிலிருந்து காப்பும் கிடைக்கவில்லை. மருந்து மட்டும் கொடுத்த சோதனைகளில், வயதான தவளைகள் மூன்று வருடம் வரை நன்றாகத் தாக்குப்பிடித்தன. அவற்றின் குஞ்சுகளோ வளர்ந்து தவளையானதும் செத்தன. ரோலண்ட் நாப்பும் உடன் பணிபுரிந்தவர்களும் 2022-இல் இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். தோற்ற சோதனையை இப்படி முழுதாக எழுதி வைத்தது பெரிய உதவி. இல்லாவிட்டால் அடுத்த பத்து வருடம் வேறு மலைகளில் இதே தவறு நடந்துகொண்டிருக்கும்.

இதிலிருந்து களத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை: பாக்டீரியாவை ஒருமுறை கொடுத்தால் போதாது. மண்ணிலும் கொடுத்து மறுபடி மறுபடி ஏறும் வழி செய்ய வேண்டும். கொடுக்கும் நேரத்தில் பூஞ்சைச் சுமை குறைவாக இருக்க வேண்டும். வெளியே விடும் பாக்டீரியா ஓடையின் மற்ற உயிர்களை என்ன செய்யும் என்று சிறிய வேலியிட்ட இடத்தில் முதலில் பார்க்க வேண்டும். ஒரு வருடம் கழித்தும், இரண்டு வருடம் கழித்தும் போய் எண்ண வேண்டும்.

பாக்டீரியாவால் ஆகாவிட்டால்

வேறு வழிகளும் இருக்கின்றன, இவற்றைத் தெரிந்துகொண்டால்தான் பாக்டீரியா எங்கே பொருந்தும் என்று புரியும். ஸ்பெயினின் மயோர்கா தீவில் தலைப்பிரட்டைகளை எடுத்து மருந்துக் குளியல் கொடுத்து, குளங்களை வடித்துக் கிருமிநாசினியால் சுத்தம் செய்து, மறுபடி விட்டார்கள். அங்கே பூஞ்சையை ஒழித்ததாக 2015-இல் அறிவித்தார்கள். சிறிய பாறைக் குளங்கள் என்பதால் முடிந்தது, ஒரு மலைத்தொடரில் இது நடக்காது. ஆஸ்திரேலியாவில் 2024-இல் வெளியான ஆய்வில், துளைபோட்ட செங்கற்களைச் சிறு பசுமைக்குடிலுக்குள் அடுக்கித் தவளைகளுக்கு வெயிலில் சூடேறும் வீடு கட்டிக்கொடுத்தார்கள். பச்சைப்பொன் மணித்தவளைகள் அதற்குள் தாமாகவே போய் உட்கார்ந்து சூட்டில் தொற்றைப் போக்கிக்கொண்டன. அப்படி மீண்டவை அடுத்த தொற்றையும் எதிர்த்து நின்றன.

சியரா நெவாடாவின் தவளைகளுக்கே வேறொரு நல்ல காலம் வந்தது. அந்த மலையின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் சில கூட்டங்கள் பூஞ்சையோடு வாழப் பழகி மீண்டிருந்தன. அந்தத் தவளைகளை எடுத்து, தவளை அற்றுப்போன ஏரிகளில் 2006 முதல் விட்டுவந்தார்கள். பூஞ்சை அங்கே இன்னும் இருக்கிறது, இருந்தும் பல ஏரிகளில் தவளைகள் பெருகியிருக்கின்றன. அந்தத் தவளைகளின் தோல் பாக்டீரியாவைப் படிப்பதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

நம் மலைகளில் தொடங்க நினைப்பவர்களுக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையில் கைட்ரிட் இருப்பது 2011 முதல் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. கோயம்புத்தூரில் இருக்கும் சூ அவுட்ரீச் அமைப்பைச் சேர்ந்தவர்கள் இதில் முன்னோடிகள். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மைய ஆய்வாளர்கள் மேற்கு மலை, கிழக்கு மலை, வடகிழக்கு, அந்தமான் என்று பல இடங்களில் மாதிரி எடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். தொற்று பல இடத்தில் இருந்தது, ஆனால் குறைந்த விகிதத்தில். பூஞ்சையின் மரபணு வகைகளோ மிக அதிகம். பனாமாவில் நடந்ததுபோல் கூட்டச்சாவு இங்கே பதிவாகவில்லை. இந்தப் பூஞ்சையின் பூர்வீகம் கிழக்கு ஆசியா என்று 2018-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது. ஆசியத் தவளைகளுக்கு இதோடு பழக்கம் நீண்டகாலமாக இருந்திருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் நினைப்பதற்கு இது வலுச் சேர்க்கிறது.

அப்படியென்றால் நம் மாணவர்களுக்கு வேலை தலைகீழாக இருக்கிறது. சாகும் தவளைக்கு மருந்து தேட வேண்டியதில்லை, சாகாத தவளையின் தோலில் என்ன இருக்கிறது என்று பதிந்து வைக்க வேண்டும். நீலகிரி, ஆனைமலை, மேகமலை ஓடைகளின் குளிர் கைட்ரிட்டுக்கு ஏற்றதுதான். அங்கே படி 3 முதல் படி 7 வரை செய்ய ஒரு கல்லூரி ஆய்வகமே போதும். பிசிஆருக்கும் வரிசைப்படுத்தலுக்கும் வெளியே அனுப்பிக்கொள்ளலாம். காட்டு அனுமதி கிடைக்கும்வரை கல்லூரி வளாகத்துத் தவளைகளை ஒன்றும் செய்யாமல், அந்தக் குட்டையின் மண்ணிலும் நீரிலும் இருந்து பாக்டீரியாவை வளர்த்துப் பிரித்துக் கைப்பழக்கம் பெறுங்கள். உயிருள்ள கைட்ரிட்டைப் பாதுகாப்பு வசதி உள்ள ஆய்வகத்தில் மட்டும் வையுங்கள். வேறு நாட்டு வகையை வரவழைக்காதீர்கள். ஒவ்வொரு மோதல் தட்டையும் அழுத்தக் கொதிகலனில் வேகவைத்த பிறகே வெளியே எறியுங்கள்.

இறந்த தவளைகள் ஓர் ஓடையில் ஒன்றுக்கு மேல் கிடந்தால், வெறும் கையால் தொடாதீர்கள். படம் எடுத்து, இடத்தையும் நாளையும் நீரின் வெப்பநிலையையும் குறித்து, அன்றே வனத்துறைக்கும் பக்கத்தில் இருக்கும் இருவாழ்வி ஆய்வாளர்களுக்கும் சொல்லுங்கள். செத்த தவளை வெயிலில் ஒரு நாள் கிடந்தாலே தோல் அழுகிப் பயன்படாமல் போய்விடும்.